ஆங்கிலத்தில் ஒரு வினை, இஸ்பானியத்தில் ஐந்து

பிற மொழியொன்றைக் கற்கப் புகுவோர் முதலில் நாடுவது அகராதியையே. ஒரு மொழியிற் சொல் ஒன்று. அதற்கு நேராக மற்றைய மொழியிற் சொல் ஒன்று. இவ்வாறு சொற்களை இரு நிரல்களாக வைத்து மனனஞ் செய்துவிட்டால் மொழி கைவந்துவிடும் என்பது பலரது எண்ணம். மரம், கல், நீர் முதலிய பொருட்பெயர்களைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் பெரும்பாலும் பிழைபடுவதில்லை. ஆயின், நாள்தோறும் நூறு முறை நாவில் வந்துபோகும் மிகச் சிறிய சொற்களிலேதான் இம்முறை நம்மைக் கைவிட்டுவிடுகின்றது. அத்தகைய சொல் ஒன்றை எடுத்து, அது வேறொரு மொழியுட் புகும்போது எவ்வாறு பலவாகப் பிரிகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலத்திலே 'பீ' என்றொரு வினையுண்டு. 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' என்பன அதன் உருவங்களுட் சில. ஆங்கிலங் கற்கும் சிறுவன் முதல் நாளிலேயே கற்பது இதனை. ஆங்கிலப் பேரறிஞரும் இதனையன்றி ஒரு பக்கம் எழுதுதல் அரிது. 'இவர் ஆசிரியர்', 'அவர் வீட்டில் இருக்கிறார்', 'மேசைமேல் ஒரு நூல் உண்டு', 'எனக்குப் பசிக்கிறது', 'இன்று குளிர் மிகுதி' என்னும் ஐந்து வாக்கியங்களையும் ஆங்கிலத்திற் கூறுவோர் ஐந்திலும் இந்த ஒரு வினையையே வைப்பர். இவ்வைந்தையும் இஸ்பானிய மொழியிற் கூறுவோரோ ஐந்து வெவ்வேறு வினைகளை ஆள்வர். அவை 'செர்', 'எஸ்தார்', 'அபேர்', 'தெனேர்', 'அசேர்' என்பன.

இஸ்பானியம் இலத்தீன் மொழியின் வழிவந்தது. ஐரோப்பாவில் இஸ்பானியாவிலும், அமெரிக்கக் கண்டங்களில் மெக்சிக்கோ முதல் சிலி, ஆர்சென்ரைனா வரையுள்ள பல நாடுகளிலும், ஆபிரிக்காவில் மத்தியகோட்டுக் கினியிலுமாக இருபது நாடுகளில் அரசமொழியாக வழங்குவது. இலத்தீனிலே 'இருத்தல்', 'ஆதல்' என்னும் பொருள்களைப் பெரும்பாலும் 'எஸ்ஸே' என்னும் ஒரு வினையே தாங்கி நின்றது. அவ்வாறாயின் அதன் வழிவந்த மொழியில் இத்தனை பிரிவு தோன்றியது எவ்வாறு? ஐந்து வினைகளின் பிறப்பையும் நோக்கின் விடை புலனாகும்.

'செர்' என்னும் வினை இரு இலத்தீன் வினைகளின் கலப்பு. அதன் நிகழ்கால உருவங்கள் பெரும்பாலும் 'எஸ்ஸே' என்பதன் வழிவந்தவை. 'செர்' என்னும் அடிப்படை உருவமும் எதிர்கால உருவங்களுமோ 'செதேரே', அதாவது 'அமர்தல்', என்னும் வினையினின்று பிறந்தவை. 'எஸ்தார்' என்பது 'நிற்றல்' எனப் பொருள்படும் 'ஸ்தாரே' என்பதன் வழிவந்தது. சொல்லின் முதலில் வரும் 'ஸ்' மெய்யோடு இன்னொரு மெய் மயங்குமாயின் அதற்கு முன் 'எ' என்னும் உயிரை இட்டு ஒலித்தல் இஸ்பானியரின் இயல்பு. 'ஸ்கூல்' என்பதை நம் ஊரவர் 'இஸ்கூல்' என்பது போன்றதே இது. 'அபேர்' என்பதும் 'தெனேர்' என்பதும் முறையே 'உடைத்தாதல்', 'பற்றியிருத்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினைகளினின்று வந்தன. 'அசேர்' என்பதன் பொருள் 'செய்தல்'. எனவே, ஆங்கிலேயர் ஒரு சொல்லால் முடிக்கும் கருமத்தை இஸ்பானியர் அமர்ந்தும், நின்றும், உடைத்தாயும், பற்றியும், செய்தும் முடிக்கின்றனர்.

இவற்றுள் மூன்றனை முதலில் விளக்கிவிடலாம். உலகில் ஒரு பொருள் உண்டு என்று புதிதாக அறிவிக்கும்போது வருவது 'அபேர்' என்பதன் 'ஐ' என்னும் உருவம். 'ஐ உன் லிப்ரோ என் லா மேசா' எனின், 'மேசைமேல் ஒரு நூல் உண்டு' என்பது பொருள். ஒருமை பன்மை என்னும் வேறுபாடு இந்த 'ஐ' என்பதற்கு இல்லை. நம் 'உண்டு' என்பதும் வழக்கில் அவ்வாறே இரண்டற்கும் பொதுவாய் நிற்றல் காண்க. (ஈண்டு வந்த 'மேசா' என்பது நம் 'மேசை'யேயாம். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயரின் மொழியிலும் அச்சொல் அதுவே. அவர்களிடமிருந்தே நாம் அதனைப் பெற்றோம்.) அந்நூல் முன்னரே அறியப்பட்டதாய், அது எங்கேயுள்ளது என்பதுமாத்திரம் வினாவாயின், 'ஐ' வாராது, 'எல் லிப்ரோ எஸ்தா என் லா மேசா' என 'எஸ்தார்' வரும். 'ஒரு நூல் உண்டு' என்பதும் 'அந்நூல் இருக்கிறது' என்பதும் வெவ்வேறு கூற்றுக்கள் என்பது தமிழருக்குச் சொல்லவேண்டியதன்று.

பசி, தாகம், அச்சம், உறக்கம் முதலியன ஒருவனுக்கு உண்டாகும்போது 'தெனேர்' வரும். 'தெங்கோ ஆம்பிரே' என்பதன் சொற்பொருள் 'பசியை உடையேன்' என்பது. அகவையும் அவ்வாறே: ஆங்கிலேயர் 'நான் இருபது ஆண்டு முதியன்' என்னும் பாங்கிற் கூற, இஸ்பானியர் 'இருபது ஆண்டுகளை உடையேன்' என்பர். வெப்பதட்பங்களைக் கூறுமிடத்து 'அசேர்' என்பதன் 'ஆசே' என்னும் உருவம் வரும். 'ஆசே ஃபிரீயோ' எனின் 'குளிரைச் செய்கின்றது'; செய்வது யாது என்று வினவுதல் வேண்டா; அது அம்மொழியின் மரபு.

இனி எஞ்சிய 'செர்', 'எஸ்தார்' என்னும் இரண்டையும் நோக்குவாம். இஸ்பானியங் கற்போர் அனைவரும் தடுக்கி விழும் இடம் இதுவே. தொடக்க நூல்கள் பல இவற்றின் வேறுபாட்டை ஒரு விதியில் அடக்கிவிடுகின்றன: நிலையான தன்மைக்குச் 'செர்', நிலையற்ற தன்மைக்கு 'எஸ்தார்' என்பது அவ்விதி. விதி எளியது, நினைவில் நிற்பது, தொடக்கத்திற் சில வாக்கியங்களுக்குப் பொருந்துவதும் உண்மை. 'அவர் உயரமானவர்' என்பதற்குச் 'செர்', 'அவர் களைத்திருக்கிறார்' என்பதற்கு 'எஸ்தார்'. ஆயின், இவ்விதியைச் சற்றுச் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

இறப்பினும் நிலையானது யாது? இறந்தார் மீளுதல் இல்லை. எனினும், ஒருவர் இறந்துபட்ட நிலையைக் குறிக்க இஸ்பானியர் கூறுவது 'எஸ்தா முவெர்தோ' என்றே. இங்கு வருவது 'எஸ்தார்'. நகரமொன்று தன் இடம் பெயர்வதுண்டோ? 1561 இல் இரண்டாம் பிலிப்பு மன்னன் அரசவையை மட்ரிட் நகருக்குக் கொண்டுவந்தான். அந்நகர் அதற்கு முன்னரும் பின்னரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. எனினும், 'மட்ரிட் இஸ்பானியாவின் நடுவிலுள்ளது' என்பதற்கு வருவதும் 'எஸ்தார்' என்பதே. மறுபுறம், 'இன்று திங்கட்கிழமை' என்னும் உண்மை இருபத்துநான்கு மணி நேரமே நிலைப்பது. 'இப்பொழுது மூன்று மணி' என்பது அத்துணையும் நிலையாது. இவ்விரண்டற்கும் வருவது 'செர்'. 'அவன் மாணாக்கன்' என்பதற்கும் அதுவே. மாணாக்கனாய் வாழ்நாள் முழுவதும் இருப்பார் சிலரே. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த நாடகாசிரியர் கல்தெரோன் எழுதி 1636 இல் அச்சேறிய புகழ்பெற்ற நாடகத்தின் பெயர் 'வாழ்க்கை கனவு' எனப் பொருள்படும். வாழ்வின் நிலையாமையையே பொருளாகக் கொண்ட அப்பெயரிலும் நிற்பது 'செர்' என்பதன் 'எஸ்' என்னும் உருவமே. நிலைபேறு, நிலையாமை என்பனவே அடிப்படையாயின், இவை யாவும் தலைகீழாக அமைந்திருத்தல் வேண்டுமன்றோ?

எனவே அவ்விதி பிழையானது என்பது தெளிவு. காலத்தின் நெடுமையும் குறுமையும் ஈண்டுப் பொருளல்ல. உண்மையான வேறுபாடு வினாவிலே கிடக்கின்றது. 'இது யாது? எத்தகையது?' என்னும் வினாவுக்கு விடையாக வருவது 'செர்'. 'இது எங்கே, எந்நிலையில் உள்ளது?' என்னும் வினாவுக்கு விடையாக வருவது 'எஸ்தார்'. ஒரு பொருளை இன்ன வகையினது என்று வகுத்துக் கூறுவது முன்னையது. அப்பொருள் நம்முன் நிற்கும் நிலையைக் கண்டு கூறுவது பின்னையது. திங்கட்கிழமை என்பது அந்நாள் யாது என்பதற்கு விடை, ஆதலின் 'செர்'. இறந்துபட்டமை ஒருவர் உற்ற நிலை, அது என்றும் மாறாததாயினும் நிலையே, ஆதலின் 'எஸ்தார்'. பெயர்ச்சொல் ஒன்று பயனிலையாக வரின் அதன்முன் 'செர்' நிற்பதும் இதனாலேயே; பெயர் கூறுவது 'இது யாது' என்பதற்கான விடையன்றோ?

நிகழ்ச்சிகளின் இடத்தைக் கூறுமிடத்து இவ்வேறுபாடு இன்னும் நுண்ணிதாகின்றது. 'பள்ளிக்கூடம் எங்கே?' எனின் விடை 'எஸ்தார்' பெறும். 'கூட்டம் எங்கே நடைபெறும்?' எனின் விடை 'செர்' பெறும். பள்ளிக்கூடம் ஓரிடத்தில் நிற்கும் பொருள். கூட்டமோ நிற்பதன்று, நிகழ்வது. தமிழிலும் 'கூட்டம் மண்டபத்தில் இருக்கிறது' என்று கூறின், கேட்போர் மண்டபத்தில் மக்கள் திரண்டு நிற்கின்றனர் என்றே கொள்வர். ஆண்டுவிழாக் கூட்டம் அங்கு நடைபெறும் என்று கொள்ளார்.

ஒரே பெயரடை இவ்விரு வினைகளோடும் சேர்ந்து வெவ்வேறு பொருள் தருமிடங்களிலேதான் இவ்வேறுபாட்டின் வலிமை நன்கு புலப்படும். 'புவேனோ' என்னும் அடை 'செர்' என்பதோடு சேரின் 'நல்லவர்' எனப் பொருள்படும். உணவைக் குறித்து 'எஸ்தார்' என்பதோடு சேரின் 'சுவையாயிருக்கிறது' எனப் பொருள்படும். 'மாலோ' என்பது முன்னையதோடு 'தீயவன்', பின்னையதோடு 'நோயுற்றிருக்கிறான்'. 'பெர்தே' என்பது முன்னையதோடு 'பச்சை நிறமுடையது'. பின்னையதோடு 'இன்னும் பழுக்காமற் காயாயிருக்கிறது'. 'லிஸ்தோ' என்பது முன்னையதோடு 'கூர்மதியுடையவன்', பின்னையதோடு 'ஆயத்தமாயிருக்கிறான்'. 'அபுர்ரீதோ' என்பது முன்னையதோடு 'பிறருக்குச் சலிப்பூட்டுபவன்'. பின்னையதோடு 'தான் சலிப்புற்றிருக்கிறான்'. ஆங்கிலத்தை உள்ளத்திற்கொண்டு பேசும் மாணாக்கன் 'நான் ஆயத்தம்' என்று சொல்லக் கருதித் தன் அறிவைத் தானே புகழ்ந்துகொள்வதும், 'எனக்குச் சலிப்பாயிருக்கிறது' என்று சொல்லக் கருதித் 'நான் பிறரைச் சலிப்பூட்டுபவன்' என்று பறைசாற்றுவதும் இதனாலேயே.

குளிரைப் பற்றிய பேச்சு இவை யாவற்றையும் ஒருங்கே காட்டவல்லது. பனிக்கட்டி இயல்பிலேயே குளிர்ந்தது, அதற்குச் 'செர்'. உண்ண வைத்த 'சோப்பா' ஆறிக் குளிர்ந்துவிட்டது, அதற்கு 'எஸ்தார்'. எனக்குக் குளிர்கின்றது, அதற்குத் 'தெனேர்'. வெளியே குளிர் அடிக்கின்றது, அதற்கு 'அசேர்'. நான்கிற்கும் ஆங்கிலத்தில் ஒரே வினை. மாரிக்காலத்தில் மட்ரிட் நகர் சென்று குளிரால் நடுங்கும் ஒருவன், ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் 'சொய் ஃபிரீயோ' என்பானாயின், 'நான் அன்பில்லாதவன். நெஞ்சம் குளிர்ந்தவன்' என்று கூறியவனாவான். போர்வை வேண்டி வாய்திறந்தவனுக்குக் கிடைப்பது போர்வையன்று, ஐயப்பார்வையே.

இனித் தமிழ் மாணாக்கருக்கு உரிய ஒரு செய்தியைக் கூறுதல் தகும். நம்மவர் பிற ஐரோப்பிய மொழிகளைப் பெரும்பாலும் ஆங்கில வாயிலாகவே கற்கின்றனர். அதனால், ஆங்கிலேயருக்கு இயல்பாயுள்ள இடர்ப்பாட்டைத் தாமும் வலிந்து ஏற்றுக்கொள்கின்றனர். தம் தாய்மொழியை நினைந்திருப்பாராயின் அவ்விடரிற் பெரும்பகுதி நீங்கியிருக்கும். 'கோமோ எஸ் து பாத்ரே?' என்று இஸ்பானியர் வினவின், 'உன் தந்தை எப்படிப்பட்டவர்?' என்பது பொருள். 'கோமோ எஸ்தா து பாத்ரே?' எனின், 'உன் தந்தை எப்படி இருக்கிறார்?' என்பது பொருள். முன்னையதற்கு 'நேர்மையானவர்' என்பதும், பின்னையதற்கு 'நலமாயிருக்கிறார்' என்பதும் விடையாகும். இவ்விரு வினாக்களையும் மயங்கும் தமிழ்ச் சிறுவன் ஒருவனேனும் உளனோ? 'அவர் நல்லவர்', 'கறி நன்றாயிருக்கிறது' என்னும் இரண்டையும் நாம் வேறுபடுத்த எவரும் நமக்கு விதி கற்பிக்கவில்லை. 'உண்டுகொண்டிருக்கிறான்' என்பதில் நாம் 'இரு' என்பதை ஆளுதல்போல, இஸ்பானியரும் நிகழ்ந்துகொண்டிருக்கும் செயலுக்கு 'எஸ்தார்' என்பதையே துணைவினையாக ஆள்வர். 'கதவு மூடப்பட்டது' என்னும் செயலுக்கும் 'கதவு மூடியிருக்கிறது' என்னும் நிலைக்கும் உள்ள வேறுபாடும் முறையே 'செர்', 'எஸ்தார்' என்பவற்றாற் பெறப்படும். ஆங்கிலத்திலோ இவ்விரண்டும் பல இடங்களில் ஒன்றாய் மயங்கும்.

சொற்பிறப்பிலும் ஓர் ஒப்புமை காணப்படுகின்றது. நம் 'இருத்தல்' என்பதற்கு 'அமர்தல்' என்பதும் பொருளாம். 'இருக்கை' என்னுஞ் சொல் அதற்குச் சான்று; வீட்டுக்கு வந்த விருந்தினரை நோக்கி 'இருங்கோ' என்று யாழ்ப்பாணத்தார் கூறுவது கதிரையைக் காட்டியேயாம். 'நில்' என்னும் வினையினின்று நாம் 'நிலை' என்பதைப் பெற்றதுபோல, 'நிற்றல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினைவழியே இஸ்பானியர் 'எஸ்தாதோ' என்னும் சொல்லைப் பெற்றனர். அதன் பொருளும் 'நிலை' என்பதே. ஒன்றோடொன்று உறவில்லாத இரு மொழிக் குடும்பங்கள், அமர்தல், நிற்றல் என்னும் உடலின் செயல்களைக் கொண்டே உள்ளமை என்னும் அருவக் கருத்தை எட்டியமை சிந்திக்கத்தக்கது.

ஆயினும் ஒப்புமையை எல்லை கடந்து கொள்ளுதல் ஆகாது. 'அவர் உயரமாயிருக்கிறார்' என்று நாம் கூறுவதுண்டு. இஸ்பானியர் அங்குச் 'செர்' என்பதையே வைப்பர். நாம் 'உயரமானவர்' என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தே அவ்வேறுபாட்டை உணர்தல் கூடும். பசிக்கும் வயதுக்கும் அவர்கள் 'உடையேன்' என்பர். நாமோ 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையால் முடித்துவிடுகின்றோம். உடைமையையே நாம் 'என்னிடம் உண்டு' என உள்ளமையாற் கூற, அவர்கள் உள்ளமையையும் உடைமையாற் கூறுகின்றனர். தாய்மொழி வழிகாட்டுமேயன்றி வழி முழுவதும் உடன்வாராது.

இஸ்பானிய மொழியும் தொடக்கந்தொட்டே இவ்வாறு வரையறுத்து நின்றதன்று. இடைக்கால இஸ்பானியத்தில் ஒருவர் ஓரிடத்திலிருப்பதைக் கூறவும் 'செர்' வந்ததுண்டு. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல 'எஸ்தார்' அதன் எல்லையைச் சிறிது சிறிதாகக் கைக்கொண்டது. உடன்பிறந்த மொழியாகிய பிரெஞ்சிலோ இதற்கு மாறாக, 'நிற்றல்' வினை தனித்து நில்லாது, அதன் சில உருவங்கள் 'இருத்தல்' வினையோடு கலந்து ஒன்றாயின. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுள் ஒருத்தி வேறுபாட்டை வளர்த்தாள். மற்றவள் அதனைக் கைவிட்டாள். மொழியில் வேறுபாடுகள் தோன்றுவதும் மறைவதும் அதனை வழங்குவோர் கையிலேயே உள்ளன என்பதற்கு இது நல்ல சான்று.

இவ்வேறுபாடுகள் வெறும் பேச்சு நயங்கள் என்று கருதற்க. ஆங்கிலத் தருக்க அறிஞராகிய ஜோன் ஸ்ரூவாட் மில் 1843 இல் வெளியிட்ட தம் தருக்க நூலில், உள்ளமையைக் குறிக்கும் 'இஸ்' என்பதையும், எழுவாயையும் பயனிலையையும் இணைக்கும் 'இஸ்' என்பதையும் ஒன்றெனக் கொண்டமையால் மெய்யியலிற் பல குழப்பங்கள் விளைந்தன என எடுத்துக்காட்டினார். 'குதிரைமுகமுடைய மனிதன் கற்பனை' என்று கூறும்போதே, அம்மனிதன் எவ்வகையிலோ 'இருக்கிறான்' என்னும் மயக்கம் அவ்வொரு சொல்லால் நேர்ந்துவிடுகின்றது. 'ஐ' என்றும் 'எஸ்' என்றும் பிரித்தறியும் இஸ்பானியருக்கு அம்மயக்கம் அத்துணை எளிதில் நேராது. செந்தமிழில் 'அன்று' என்பதும் 'இல்லை' என்பதும் இதனினும் தெளிவாக நிற்பன. 'இது நூலன்று' என்பது பொருளின் தன்மையை மறுப்பது. 'இங்கு நூல் இல்லை' என்பது அதன் உள்ளமையை மறுப்பது. 'அவன் கள்வன் அல்லன்' என்பதற்கும் 'அங்குக் கள்வன் இல்லை' என்பதற்கும் இடையே கிடப்பது ஒரு மனிதனின் மானம்.

இத்தகைய செல்வத்தை உடைய நாம் அதனைப் பேணுகின்றோமா என்பதே ஈற்றில் எழும் வினா. 'இது உண்மை இல்லை', 'அவர் குற்றவாளி இல்லை' என்று எழுதுவது இன்று பெருவழக்காகிவிட்டது. ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்போர் 'இஸ்' என்பதைக் கண்டவிடமெல்லாம் 'இருக்கிறார்' என்று எழுதி, 'அவர் ஆசிரியர்' என்று இரு சொல்லில் முடியும் வாக்கியத்தை 'அவர் ஓர் ஆசிரியராக இருக்கிறார்' என நீட்டுகின்றனர். நீட்டியதால் நேர்ந்த குற்றம் மிகைமாத்திரமன்று, பொருளும் மாறிவிடுகின்றது. 'ஆசிரியராக இருக்கிறார்' எனின், இப்பொழுது அத்தொழிலிலே அமர்ந்திருக்கிறார், பின்னர் வேறொன்றிற் புகவும் கூடும் என்னும் குறிப்புத் தோன்றும். இஸ்பானியரும் 'அவர் ஆசிரியர்' என்பதற்குச் 'செர்' வைத்து, 'இப்போதைக்கு ஆசிரியராயிருக்கிறார்' என்பதற்கு 'எஸ்தார்' வைத்து இரண்டையும் வேறுபடுத்துவர். அவர்கள் காத்துவரும் வேறுபாட்டை நாம் ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லுக்காக இழத்தல் முறையாகுமா?

மாணாக்கர்கள் பிற மொழிகளைக் கற்றல் வேண்டும். எத்துணை மொழி கற்பினும் நன்றே. ஆயின், 'இச்சொல்லுக்கு நேரான சொல் யாது?' என்று வினவுவதற்கு முன்னர், 'இவ்விடத்தில் யான் சொல்லக் கருதியது யாது?' என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக. ஒரு பொருள் யாது என்கின்றேனா, அது உண்டு என்கின்றேனா, எங்கே எவ்வாறு நிற்கின்றது என்கின்றேனா என்று தெளிந்தபின், உரிய சொல் தானே வந்து நிற்கும். அவ்வாறு கற்றவர் பிற மொழியிற் பிழை நீங்குவதோடமையாது, தம் மொழிக்கு மீண்டு வரும்போது, நாளும் வழங்கியும் தாம் அதுவரை நோக்காதிருந்த அதன் நுட்பங்களையும் கண்டு போற்றுவர்.